மீட்டர் முள்ளும் கழுத்தில்லாத அன்னங்களும்

தெரியாமல் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம். பாதி தெரிந்து செய்த தப்புக்கு என்ன கேட்பது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் மொட்டை மாடியில் முப்பத்திரண்டு அடி உயரத்துக்கு ஓர் அலுமினியக் குழாய் நிற்கிறது. ஹாம் ரேடியோ ஆன்டெனா. உரிமம் வாங்கிக்கொண்டு, காலையும் மாலையும் காற்றில் ஊர் ஊராகக் கூப்பிட்டுப் பேசுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். (பிழைப்பு, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுப்பது. இதை மறந்துவிடாதீர்கள். போகப் போக அவமானம் கூடும்.)

"உங்க குரல் கெணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்குது சார்" என்று ரேடியோ நண்பர்கள் சொல்லிச் சொல்லியே என்னை உசுப்பேற்றிவிட்டார்கள். ரோஷத்தில் நானே ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்டினேன். அதற்கும் ஆன்டெனாவுக்கும் ஏழாம் பொருத்தம். அனுப்பிய சக்தியில் பாதி வாசலோடு திரும்பி வந்தது.

இந்த வகை ஆன்டெனாவின் அடியில் நாலாபக்கமும் கம்பி விரிக்க வேண்டும். எங்கள் மாடியோ இரண்டு பாய் விரித்தால் தீர்ந்துபோகும். பக்கத்து வீட்டு சரோஜா அக்காவின் தறிக்கூடத்து சிமென்ட் ஷீட் கூரை நீளமாகக் கிடந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் நாலு கம்பியை அதன்மேல் ஓட்டினேன். குமிழைத் திருகினேன். மீட்டர் முள் மெல்ல இறங்கி ஒன்றில் நின்றது. ஒன்று என்றால், சக்தி துளியும் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். எங்கே போகிறது என்று அந்த மீட்டர் சொல்லாது. நானும் விசாரிக்கவில்லை.

அந்தக் கூரைக்குக் கீழே சரோஜா அக்கா தன் மகள் யமுனாவின் முகூர்த்தப் புடவையை நெய்துகொண்டிருந்தார். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் நெய்தவர், தன் வீட்டுக்கென்று தறியில் பாவு ஏற்றியது அதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தறிமேல் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டி. மிதியை மிதிக்க மிதிக்க, டிசைனை வரி வரியாக அதுவே எடுத்துக் கொடுக்கும். முந்தியில் அன்ன வரிசை.

முதல் நாள் மாலை, கேட்கிறவர் யாராக இருந்தாலும் பதில் சொல்லுங்கள் என்று ரேடியோ பாஷையில் ஒரு மணி நேரம் கத்தினேன். "சி.க்யூ, சி.க்யூ! ஹலோ, கேக்குதா?" ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஆனால் நான் "ஹலோ" சொல்லும்போதெல்லாம் எங்கள் வீட்டு காலிங் பெல் தானாக அடித்தது. என் சக்தியை நினைத்துப் பூரித்துப் போனேன்.

மறுநாள் அக்கா சுவரோரம் வந்து நின்றார். "பாஸ்கரு, அன்னத்துக்குக் கழுத்தே வர்லப்பா. ஒடம்பு வருது, அப்பால நேரா கொண்டை வந்துடுது. அவ்ளோத்தையும் பிரிச்சுக்கினு இருக்கறேன். நீ படிச்சவன், அந்தப் பொட்டிய இன்னான்னு பாரேன்."

மல்டிமீட்டரும் கையுமாகப் போனேன். நான் கீழே இருந்தபோது ரேடியோவில் யார் பேசுவது? பெட்டி ஒழுங்காக ஓடியது. காலிங் பெல் அடித்தது அப்போது எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. ஆனால் ஒன்றில் நின்ற முள்ளும் கூடவே வந்தது. வாய் தானாகச் சொன்னது: "பொட்டி நல்லாத்தான் இருக்குதுக்கா. எதுக்கும் ஒருவாட்டி கண்ணக் காட்டிக்கோயேன்."

நம்பிவிட்டார். மூன்றாம் நாள் காலை தறியை நிறுத்திவிட்டுக் கண் டாக்டரிடம் போனார். மாலையில் இரண்டாவது தடவையாக முந்தியைத் தொடங்கினார். நான் மாடியேறி மைக்கைப் பிடித்தேன்.

என் மனைவி தேவி அப்போது அக்காவுக்குத் துணையாகத் தறிக்கூடத்தில் இருந்தாள். அங்கிருந்து போன் வந்தது.

"இன்னா பண்ணிக்கினு இருக்கறீங்க?"

"பேசிக்கினு இருக்கறேன்."

"போன வைக்காம, அங்க இன்னொருவாட்டி பேசுங்க."

"சி.க்யூ, சி.க்யூ. ஹலோ, கேக்குதா?"

"நிறுத்துங்க." பின்னால் தறி மிதிபடும் சத்தம் சீராகக் கேட்டது. "நீங்க பேசினா பொட்டி ஆடுது. வாய மூடினா நிக்குது. எறங்கி வாங்க."

இறங்கிப் போனேன். படிகள் அன்று ஏன் அவ்வளவு குறைவாக இருந்தன என்று தெரியவில்லை. முந்தியில் ஒரு வரிசை அன்னம் கழுத்தில்லாமல், அடைகாக்கும் கோழிகளாக உட்கார்ந்திருந்தது. என் குரல் ஏறும்போதெல்லாம் பெட்டி நாலைந்து வரியைத் தாண்டியிருக்கிறது. சந்தேகம் வந்ததையும், வந்தும் வாய் திறக்காததையும் தலைகுனிந்து சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கண்ணுல சொட்டு மருந்து ஊத்தி ரெண்டு மணி நேரம் ஒண்ணும் தெரியாம ஒக்காந்துக்கினு இருந்தேன்பா" என்றார். "பொண்ணு கல்யாணத்த எப்டிப் பாக்கப் போறேன்னு ஒரே பயம். டாக்டரு சிரிக்கிறாரு. ஒனக்கு இன்னாம்மா, நீ ஊசியில நூலே கோக்கலாம்னாரு."

மறுபடி பிரித்தால் சரிகை தாங்காது. நாளும் இல்லை. யமுனாதான், "இருக்கட்டும்மா, மிச்சத்த நெய்" என்றாள். நான் அன்றே கம்பிகளைச் சுருட்டினேன். அடுத்த வரிசையிலிருந்து அன்னங்கள் கழுத்தோடு வந்தன. யமுனா அதையே கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். பந்தியில் சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டு நான் சமையல்கட்டுப் பக்கமே நின்றேன்.

அந்த மூன்று நாள் நான் போட்ட சத்தம் எந்த ஊருக்கும் போய்ச் சேரவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று யமுனா அந்தப் புடவையில் வரும்போதெல்லாம் யாராவது முந்தியைப் பிடித்துப் பார்த்து, "இது இன்னாமா, கோழியா?" என்று கேட்பார்கள்.

"பாஸ்கர் மாமா பேசினது" என்பாள்.

"இன்னா பேசினாரு?"

பக்கத்திலிருந்து தேவி சொல்லுவாள்: "ஹலோ, கேக்குதான்னாரு."