பெல் அண்ணையும் ட்ரம்கார்வி வம்சமும்

ஜெர்மனியில் உள்ள அழைப்பு மணிகளில் பாதியையாவது வாசித்து முடித்த ஒரே தமிழர் எங்கள் பெல் அண்ணைதான். மீதிப் பாதி தப்பியதற்கு அவருடைய மனைவி ராணி அக்காதான் காரணம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

இந்த நாட்டில் வாசல் மணிக்குப் பக்கத்தில் குடும்பப் பெயர் இருக்கும். மாடிக் கட்டடம் என்றால் ஒரு பலகை நிறையப் பெயர்கள். நீங்களும் நானும் போன அலுவலுக்கு உரிய பெயரை அமத்திவிட்டு உள்ளே போவோம். பெல் அண்ணை அப்படியில்லை. பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளை மாதிரி மேலிருந்து கீழாக ஒன்று விடாமல் வாசிப்பார். கடைசிப் பெயரும் முடிந்ததும், "இஞ்சயும் இல்லை" என்று ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு அடுத்த வாசலுக்குப் போவார்.

அவர் தேடியது வேறு யாருடைய பெயரையும் இல்லை, தன்னுடைய பெயரைத்தான். அவருடைய குடும்பப் பெயர் ட்ரம்கார்வி. சிரிக்காதீர்கள். யாழ்ப்பாணத்துத் தமிழர், பாணுக்குச் சம்பல் இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனிதர், பெயர் ட்ரம்கார்வி. ஸ்கொட்லாந்துக்காரரே கேள்விப்படாத ஸ்கொட்லாந்துப் பெயர்.

ஹனோவரில் நாங்கள் அந்தக் கட்டடத்துக்குக் குடிபோன அன்றைக்கே எங்கள் மணி அடித்தது. பெட்டிகளைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தேன். பாண் தொழிற்சாலை மா ஒட்டிய சப்பாத்துடன், கட்டையாக, சிரித்த முகமாக ஒருவர் நின்றார்.

"நான் மேல் மாடி. மணியில சிவஞானம் எண்டு கிடக்கு. அது ஆர், பிள்ளை?"

"என்ர அவற்ற அப்பா, அண்ணை."

"உள்ளுக்க நிக்கிறாரோ?"

"இல்லையண்ணை. அவர் செத்துப்போய்க் கனகாலம். ஜெர்மனிப் பக்கமே வந்ததில்லை."

"பாத்தீரோ! வராத மனுசன் கதவில தொங்குறார்! எங்கட சனம் முழுக்க இப்பிடித்தான். தகப்பன்ர பேரைத் தூக்கிப் பாஸ்போட்டில குடும்பப் பேராப் போட்டிட்டு நிக்குதுகள். குடும்பப் பேர் எண்டால் அதுக்கு ஒரு வேர் வேணும். உமக்கு நேரம் இருக்கோ?"

இல்லை என்றேன். உள்ளே வந்து என் சட்டி பானைப் பெட்டியின் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்குத்தான் அந்தப் பெயரின் வேரை முதல் தடவையாகக் கேட்டேன். பிறகு எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. அவருடைய பூட்டன் தாய் தகப்பன் இல்லாத பையன். மிஷன் பள்ளிக்கூட விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருந்து ஒருவர் ஒரு பிள்ளையின் படிப்பைப் பொறுப்பெடுத்தால், ஞானஸ்நானத்தில் தன் பெயரையே அந்தப் பிள்ளைக்கு வைக்கச் சொல்வதுண்டு. இவருடைய பூட்டனைப் பொறுப்பெடுத்தவர் ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊர்க் கிழவி. பெற்ற பிள்ளைகளை எல்லாம் கடலுக்குக் கொடுத்தவர்.

"'எனக்குப் பிறகு என்ர பேரைச் சொல்ல ஒருத்தரும் இல்லை. அந்தப் பெடியனுக்கு வையுங்கோ' எண்டு சொல்லி அனுப்பினவ, பிள்ளை."

"யாழ்ப்பாணத் தமிழிலயே சொன்னவ, அண்ணை?"

"குறுக்க கதையாதையும்!"

நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். சிரித்த வாயோடேயே ஒன்று சொன்னார். "எனக்குக் கூடப்பிறந்தது எண்டு ஒருத்தரும் இல்லை. பெர்லின் ஷோனெஃபெல்டில பிளேனால இறங்கேக்க கையில ஒரு பை, தலையில இந்தப் பேர். அப்பா அம்மாவும் போயிட்டினம். என்ர ஆக்கள் எண்டு எங்கையாவது இருந்தால் இந்தப் பேருக்குள்ளதான் இருக்கவேணும்." சொல்லிவிட்டு, தேத்தண்ணி போடுகிற எண்ணம் உண்டோ என்று கேட்டார்.

அவர்கள் வீட்டுக் குசினிச் சுவரில் ஓர் உலக வரைபடம் தொங்கியது. உலகத்தில் ட்ரம்கார்விகள் எங்கெங்கே பரவியிருக்கிறார்கள் என்று அதில் குண்டூசி குத்தி வைத்திருந்தார். ஸ்கொட்லாந்துக் கரையோரத்தில் கொஞ்சம், கனடாவில் கொஞ்சம், நியூசிலாந்தில் ஒன்று, பூட்டனுக்காக யாழ்ப்பாணத்தில் ஒன்று, ஹனோவரில் ஒன்று. ஹனோவர் ஊசி அவரும், ராணி அக்காவும், ஒரே மகள் ஷெரினும். வரைபடம் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்ததால் ராணி அக்காவுக்குத் தினமும் ஓர் ஆபத்து.

"இஞ்சாருங்கோ! நியூசிலாந்து பருப்புக்குள்ள விழுந்திட்டுது!"

"கவனமா எடும்! அங்க ஒருத்தர்தான் இருக்கிறார்!"

ஊசி குத்துவதோடு விடுகிற ஆளா? விலாசம் தேடிப் பிடித்துத் தொலைபேசியும் எடுப்பார். கிட்டத்தட்ட எல்லாரும் உடனே வைத்துவிடுவார்கள். வைக்காமல் கதைத்தவர் ஒரே ஒருவர், அந்தக் கிழவியின் ஊரிலேயே இருந்த வில்லி என்ற வயசாளி. கலியாணம் கட்டாத, படகு விட்டு ஓய்ந்த மனிதர். நம்மவர் தொலைபேசியை வைத்துவிட்டு வந்து எங்கள் கதவைத் தட்டினாரே, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"பிள்ளை! அந்த ஊரில எங்கட ஆக்கள் நிறையப் பேராம்!"

"மெய்யே அண்ணை? எங்க இருக்கினம்?"

"சவக்காலையில."

உயிரோடு மிச்சம் இருந்தது வில்லி மட்டும்தான். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வந்தால் வில்லியோடு கதைக்காமல் நம்மவர் சாப்பாட்டில் கை வைப்பதில்லை. வில்லி பேசுகிற ஆங்கிலம் இவருக்குப் புரியாது. இவருடைய ஆங்கிலம் ஒருவருக்கும் புரியாது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்ன சொன்னார் என்று கேட்டால், "சொந்தக்காரர் கதைக்கிறதை எல்லாம் விளங்கித்தான் கேக்கிறமோ?" என்பார்.

இப்போது டுசல்டோர்ஃப் கதைக்கு வருகிறேன். அங்கே தெரிந்தவர்கள் வீட்டுப் பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்குக்கு நாங்கள் ஒரே காரில் போயிருந்தோம். ஷெரின் அந்த நகரத்தில்தான் படித்துக்கொண்டிருந்தாள். மாணவர் விடுதியில் இருப்பதாகவும், பரீட்சை என்பதால் சடங்குக்கு வர ஏலாது என்றும் சொல்லியிருந்தாள். மண்டபத்துக்குப் பக்கத்தில் கார் விட இடமில்லாமல் நாலைந்து தெரு தள்ளி நிறுத்தினோம். ராணி அக்காவும் நானும் சேலை மடிப்பைச் சரிசெய்து முடிப்பதற்குள் இவர் மணிப் பலகைகளை வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

தெருவே அதிரும்படி ஒரு சத்தம் கேட்டது. "ராணீ! பிள்ளை! ஓடி வாங்கோ! ட்ரம்கார்வி!"

ஓடினோம். மெய்தான். ஒரு மணிக்குப் பக்கத்தில் மேலே ஷ்மிட், கீழே ட்ரம்கார்வி. அண்ணை சீப்பை எடுத்துத் தலையை வாரினார். பல வருசத் தேடல் அல்லவா! மணியை அமத்தினார். ஓர் ஆண்குரல் யாரென்று கேட்டது.

"மை டியர் ரிலேட்டிவ்!" என்று அண்ணை தன் ஆங்கிலத்தில் முழங்கினார். "ஐ ஆம் ஆல்சோ ட்ரம்கார்வி!"

மேலே யாரோ ஓடுகிற சத்தம். பிறகு ஏதோ குசுகுசுப்பு. பிறகு ஒரு கோப்பை விழுந்து உடைகிற சத்தம். நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அண்ணை ஓட்டமாகப் படியேறினார், நாங்கள் பின்னால். மேலே வீட்டு வாசலில், ஈரத் தலையில் துவாயோடு, வீட்டுச் சட்டையோடு நின்றது ஷெரின். அவளுக்குப் பின்னால் பனைமர உயரத்தில் ஒரு ஜெர்மன் பெடியன், கையில் முட்டை பொரித்த தாச்சியோடு.

"ஐயோ ஆண்டவரே!" என்று ராணி அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கீழே ஓடிவிடலாமா என்று இருந்தது.

அண்ணை மகளைப் பார்த்தார். பெடியனைப் பார்த்தார். தாச்சியைப் பார்த்தார். இடி விழப் போகிறது என்று நாங்கள் கண்ணை மூடிக்கொண்டோம்.

"ஏன் பிள்ளை," என்றார், "மணியில இவற்ற பேர் மேலயும் எங்கட பேர் கீழயும் கிடக்கு?"

யோனாஸ் ஷ்மிட் நல்ல பெடியன். அடுத்த நாளே பெயர்களை மேலும் கீழும் மாற்றி ஒட்டி, படம் பிடித்து அனுப்பினான். அண்ணை அந்த இடத்திலேயே மருமகனாக ஏற்றுக்கொண்டார். ராணி அக்காவுக்குத்தான் ஒரு மாதம் எடுத்தது.

கலியாணம் பேசி முற்றாகியது. அதோடு பிரச்சினையும் வந்தது. இங்கே கலியாணம் கட்டுகிறவர்கள் இரண்டு பேரில் ஒருவருடைய பெயரைக் குடும்பப் பெயராக எடுக்கலாம். யோனாஸுக்கு ட்ரம்கார்வி வேண்டும். பள்ளிக்கூடத்தில் தன் வகுப்பில் ஷ்மிட் ஒரு பட்டாளம், உலகத்தில் தனியாக ஒரு பெயரோடு ஒரு நாளாவது இருந்து பார்க்க வேண்டும் என்றான். ஷெரினுக்கு ஷ்மிட்தான் வேண்டும்.

"அப்பா, உங்களுக்கு விளங்காது. பள்ளிக்கூடத்தில, டொக்டரிட்ட, வேலைக்கு விண்ணப்பம் போடுற இடத்தில, எங்க போனாலும் ஒவ்வொரு எழுத்தாச் சொல்லோணும். பிறகு என்ர முகத்தைப் பாப்பினம். இந்தப் பேர் எப்பிடி வந்தது எண்டு கேப்பினம். பிறகு பூட்டன்ர கதை. டெர்மின் எண்டு தந்த நேரம் முழுக்கப் பூட்டனோடயே போயிடும். நான் ஷ்மிட். ஆரும் ஒண்டும் கேக்க மாட்டினம்."

அண்ணை மாப்பிள்ளைப் பக்கம் சேர்ந்துகொண்டார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மகளுக்குத் தொலைபேசி. யோனாஸ் பக்கத்தில் இருந்து, "ஓம் மாமா, ஓம் மாமா" என்று தாளம் போடுவான். கடைசியில் ஒரு நாள் அவள் அழுதுவிட்டாள். "உங்களுக்கு நான் வேணுமோ, பேர் வேணுமோ?"

அன்றைக்கு அண்ணை கீழே எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். வைத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. "பிள்ளைதான் வேணும். அதில என்ன கேள்வி? நான் இனி வாய் திறக்க மாட்டன். ஆனால், எனக்குப் பிறகு இஞ்ச ஒருத்தரும் இல்லை எண்டு நினைக்க நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது, பிள்ளை." எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் நாலு வடையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அதையும் தொடவில்லை.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. மணிப் பலகைகளைத் திரும்பிப் பாராமல் குனிந்த தலையோடு வேலைக்குப் போவார், வருவார். கட்டடத்தைப் பராமரிக்கிற ஜெர்மன்காரரே, உங்கள் மேல்மாடிக்காரருக்குச் சுகமில்லையா என்று என்னிடம் கேட்டார்.

கலியாணத்துக்கு முதல் நாள் வில்லி வந்தார். பெண் வீட்டுத் தகப்பன் பக்கத்துச் சொந்தம் என்று அழைப்புப் போனது அவர் ஒருவருக்குத்தானே! அண்ணைக்கு மண்டபத்தில் வேலை. நானும் ஷெரினும் விமான நிலையம் போனோம். ஆளை முன்பின் பார்த்ததில்லை என்பதால் ஷெரின் ஒரு மட்டையில் ட்ரம்கார்வி என்று பெரிதாக எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மழைச் சட்டை போட்ட ஒரு நெட்டை மனிதர் எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். எங்களைப் பார்க்கவில்லை. மட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். இது உன்னுடைய பெயரா என்று ஷெரினிடம் கேட்டார். ஓம் என்றாள். தம்பி இறந்த பிறகு இந்தப் பெயரைத் தன் கதவில் மட்டும்தான் பார்த்திருக்கிறார் என்று மெதுவாகச் சொன்னார். அண்ணை தொலைபேசி எடுக்கும் வரைக்கும், தன்னோடு முடிந்துவிடும் என்று நினைத்தாராம். எனக்குப் புரிந்ததே அவ்வளவுதான். மிச்சத்தை அவருடைய கண் சொன்னது. வீடு வரும் வரைக்கும் ஷெரின் அந்த மட்டையை மடியிலேயே வைத்திருந்தாள். வாசலில் காத்திருந்த அண்ணை வில்லியைக் கட்டிப் பிடித்துவிட்டு, "அந்த ஸ்கொட்லாந்துப் பாவாடை கட்டிக்கொண்டு வருவார் எண்டெல்லோ நினைச்சன்" என்று என் காதில் குறைப்பட்டார்.

மறுநாள் பதிவு அலுவலகத்தில் பெண் பக்க முதல் வரிசையில் ராணி அக்கா, அண்ணை, வில்லி. வாக்குத் தவறக் கூடாதென்று அண்ணை கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். குடும்பப் பெயராக எதை எடுக்கிறீர்கள் என்று பதிவாளர் அம்மா கேட்டார். யோனாஸ் ஷெரினைப் பார்த்தான். நீயே சொல் என்று விட்டுவிட்டான், பாவம்.

ஷெரின் திரும்பிப் பார்த்தாள். வில்லியைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள்.

"ட்ரம்கார்வி" என்றாள்.

எப்படி எழுதுவது என்று அந்த அம்மா கேட்டார். ஷெரின் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அண்ணை வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்ணீர் மட்டும் அந்தக் கைக்கு மேலால் வழிந்தது. வில்லி தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு தனக்கே தேவைப்பட்டதால் திருப்பி வாங்கினார்.

வெளியே வந்ததும் படம் பிடிக்கிறவர் பெண்ணின் குடும்பத்தார் மட்டும் வாருங்கள் என்று கூப்பிட்டார். நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினேன். பின்னால் இருந்து ஒரு கை என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது.

"எங்க போறீர்?"

"இது உங்கட குடும்பப் படமெல்லே, அண்ணை. நான் உங்கட பேர் இல்லையே."

"பேர் கிடக்கட்டும், பிறகு பாப்பம்," என்றார் பெல் அண்ணை. "முதல்ல வந்து நில்லும்."

அண்ணையும் ராணி அக்காவும் இப்போது மகளோடு டுசல்டோர்ஃப் போய்விட்டார்கள். அந்தப் படம் எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. ஜெர்மன்காரன் ஒருவன், ஸ்கொட்லாந்துக் கிழவர் ஒருவர், மா ஒட்டிய சப்பாத்தைக் கலியாணத்துக்கும் மாற்றாமல் வந்த ஒருவர், எல்லாரும் யார் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். என்னுடைய ஆக்கள் என்று சொல்லுவேன்.