கல்முனையிலிருந்து உலக வர்த்தகத்தை நிறுத்திய வரலாறு

1999ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கூடிய உலக வர்த்தக நிறுவனத்தின் மாநாடு ஒரு முடிவும் எட்டாமல் முறிந்துபோனதை எல்லோரும் அறிவார்கள். அதை முறித்தது எங்கள் கிழக்குக் கரையோர ஊரான கல்முனை என்பதை மட்டும் இதுவரை யாரும் எழுதவில்லை. அந்த வரலாற்றுக் குறையை நிவர்த்தி செய்யவே பேனையைக் கையில் எடுத்திருக்கிறேன். வீதியில் இறங்கிய ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரர்களால்தான் மாநாடு குழம்பியது என்று பத்திரிகைகள் எழுதின. பாவம், அவர்களும் தங்களால் இயன்றதைச் செய்தார்கள்.

அடியேன் அச்சிமுகம்மது, அரச எழுதுவினைஞர், 'அகில உலக மின்வலை எதிர்ப்பு முன்னணி'யின் கல்முனைக் கிளைச் செயலாளர். இந்த முன்னணிக்கு வேறு கிளைகளே இல்லை என்று சிலர் பொறாமையால் சொல்வதுண்டு. அது உண்மைதான். செயற்குழுவில் ஒன்பது பேர். தலைவர் ஸைனுலாப்தீன் ஹாஜியார். பஸாரில் பெரிய புடவைக்கடை அவருடையது. அந்தக் கடையின் மேல்மாடியில் மின்விசிறியும் தேநீரும் இருந்தமையால் அவர் ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார். விவசாயிகளின் பிரதிநிதியாகப் பாண்டிருப்பிலிருந்து செல்லத்தம்பி வந்தார். அவருக்கு ஆறு ஏக்கர் வயல் இருந்தது. உலக வர்த்தக நிறுவனம் என்றால் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது. தெரிந்துகொண்டவர்கள் எதிர்க்கத் தயங்குவார்கள் என்பதால் இது ஒரு தகைமையாகவே கொள்ளப்பட்டது.

எல்லாம் ஓர் ஈ-மெயிலில்தான் தொடங்கிற்று. ஹாஜியாரின் மருமகன் இன்ஸாப் லண்டனில் படித்துக்கொண்டிருந்தான். அவன் எழுதியிருந்தான்: மாநாடு நடக்கும் நாட்களில் உலகெங்கும் உள்ளவர்கள் தத்தமது கொம்பியூட்டரில் உலக வர்த்தக நிறுவனத்தின் இணையப் பக்கத்தை ஒரே நேரத்தில் திறக்கப்போகிறார்கள்; மூடாமல் திரும்பத் திரும்பத் திறந்தால் அந்தப் பக்கம் நெரிசல் தாங்காமல் படுத்துவிடும்; வாசலை மறித்து உட்காருவதைப் போன்றதுதான், ஆனால் உட்காரத் தேவையில்லை; கல்முனையும் இதில் சேர வேண்டும்.

உட்காரத் தேவையில்லாத மறியல் என்றதும் செயற்குழுவில் ஓர் உற்சாகம் பிறந்தது. செல்லத்தம்பி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த வேலயால நெல்லு வில ஏறுமா ஹாஜியார்?"

இது பிற்போக்கான கேள்வி என்று கூட்ட அறிக்கையில் பதியப்பட்டது.

அடுத்து, நடைமுறைச் சிக்கல் ஆராயப்பட்டது. அக்காலத்தில் நாங்கள் அறிய எங்கள் பகுதியில் இன்டர்நெட் உள்ள கொம்பியூட்டர் ஒன்றே ஒன்று. அது பஸாரில் ஜவுபரின் தொலைத்தொடர்பு நிலையத்தில் இருந்தது. அவர் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கொழும்புக்கு லைன் எடுத்து, வந்த ஈ-மெயில்களை இறக்கி, அச்சடித்து, உறையில் போட்டு, பெயர் எழுதி வைப்பார். ஊருக்கெல்லாம் ஒரே ஈ-மெயில் முகவரி, ஜவுபருடையது. பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறப்பதென்றால் கொழும்பு லைன் நாள் முழுக்க ஓட வேண்டும். அந்த பில்லை யார் கட்டுவது என்று நான் கேட்டபோது, ஒன்பது பேரும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தோம்.

ஹாஜியார் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, கிளாக்கராகிய என்னைப் பார்த்துத் தீர்வைச் சொன்னார்.

"போராட்டமெண்டா மூடுறது கிளாக்கர். துறக்கிறத்துக்குப் பேரு திறப்பு விழா."

இதில் இருந்த ஆழம் எங்களைச் சிலிர்க்க வைத்தது. இந்தக் கரையோரத்தில் எத்தனை ஹர்த்தால் பார்த்திருக்கிறோம். கடை மூடியிருக்கிறோம், பள்ளிக்கூடம் மூடியிருக்கிறோம், பாதை மூடியிருக்கிறோம். எதையாவது திறந்துவைத்து எதிர்ப்புத் தெரிவித்ததாக எங்கள் சரித்திரத்திலேயே இல்லை. வெள்ளைக்காரனுக்கு ஹர்த்தால் பழக்கமில்லை, அதனால்தான் திறக்கச் சொல்கிறான் என்று ஹாஜியார் விளக்கினார். ஆகவே இன்ஸாபின் யோசனை ஒரு சிறு திருத்தத்துடன் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 'திறப்பது' என்ற இடங்களில் எல்லாம் 'மூடுவது' என்று வாசிக்கப்படும். மாநாடு முடியும்வரை கல்முனையில் இன்டர்நெட்டுக்குப் பூரண ஹர்த்தால்.

வர்த்தகர்களிடமிருந்து இதற்குக் கிடைத்த ஆதரவைச் சொல்லி முடியாது. நோன்பு நெருங்கும் காலம், வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். ஒரு கடையையும் மூடாமல் ஒரு ஹர்த்தால் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? பஸாரில் முப்பத்தெட்டுக் கடைக்காரர்கள் கைச்சாத்திட்டார்கள். ஜவுபர் மட்டும் முகத்தைச் சுளித்தார். நோட்டீஸில் அவருடைய பெயர் தடித்த எழுத்தில் வரும் என்றோம். வராவிட்டாலும் பரவாயில்லை என்றார். அப்போது ஹாஜியார், அந்தக் கடை நிற்கும் காணி தம்முடையது என்பதை மிகவும் அன்பாக நினைவூட்டினார். ஜவுபர் உலக விவசாயிகளின் துயரத்தை அந்தக் கணமே உணர்ந்துகொண்டார்.

நவம்பர் முப்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் கொம்பியூட்டர் கறுப்புத் துணியால் மூடப்பட்டது. ஒன்றரை மீற்றர் கறுப்புப் பொப்ளின், ஹாஜியாரின் அன்பளிப்பு. மின்சுவிச்சின் மேல் ஒரு கடதாசியை ஒட்டி, ஒன்பது பேரும் கைச்சாத்திட்டு, நான் அலுவலகத்திலிருந்து கொண்டுபோன அரக்கை உருக்கி முத்திரை வைத்தேன். பக்கத்தில் நாலு கதிரை போட்டு முறைவைத்துக் காவல் இருந்தோம். இன்டர்நெட் எப்படி ஹர்த்தால் செய்கிறது என்று பார்க்க நற்பிட்டிமுனையிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தேநீர்க் கடைகளில் அன்று வடை முடிந்துபோயிற்று.

பத்து மணியளவில் போராட்டத்துக்கு முதலாவது இடையூறு ஏற்பட்டது. நிந்தவூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய அந்த இடையூறின் பெயர் சிபானா. முப்பது வயது மதிக்கலாம். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் வெள்ளைத் தொப்பிகள். தொழுகைக்குப் போடும் தொப்பிதான், நூலால் கையில் பின்னியது. அவரோடு சேர்ந்து இருபத்திரண்டு பெண்கள் அதைப் பின்னுகிறார்கள் என்றும், கட்டாரில் ஒரு கடைக்காரர் மாதிரித் தொப்பியைப் பார்த்துப் பிடித்துப்போய், நோன்புக்கு அறுநூறு தொப்பி கேட்டிருக்கிறார் என்றும் ஜவுபர் என் காதில் சொன்னார். தொப்பி எல்லாம் தயார். கொழும்பில் எந்த ஏஜெண்டிடம், எந்தத் திகதியில் ஒப்படைப்பது என்று கட்டாரிலிருந்து இன்று ஈ-மெயில் வரும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் போகவேண்டும். கடைக்காரரின் தொலைபேசி இலக்கம் இவர்களிடம் இல்லை.

"ஜவுபர் காக்கா, கட்டார்ல இரிந்து கடிதம் வந்திரிக்கும். அத மட்டும் எடுத்துத் தாங்க," என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் அந்தப் பெண்.

ஜவுபர் என்னைப் பார்த்தார். நான் முத்திரையைப் பார்த்தேன். பின்னர் ஏழை நாடுகளின் சிறு உற்பத்தியாளர்களை உலக வர்த்தகம் எவ்வாறு நசுக்குகிறது என்பதை அந்தச் சிறு உற்பத்தியாளருக்கு இருபது நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு,

"கிளாக்கர், ஹர்த்தாலுக்கு மருந்துக்கடய துறந்து வெக்கிறதானே. எனக்கும் அப்பிடி ஒரு அஞ்சி நிமிசம் தந்தாக் காணும்," என்றார்.

இது சட்டரீதியான வாதம் என்பதால் அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. தொப்பி அத்தியாவசியப் பொருளா என்று ஒன்றரை மணிநேரம் ஆராய்ந்தோம். தொப்பி அவசியம், ஆனால் ஈ-மெயில் அவசியமில்லை, ஈ-மெயிலைத் தலையில் போட்டுக்கொண்டு யாரும் தொழுவதில்லை என்று ஹாஜியார் தீர்ப்பளித்தார். செல்லத்தம்பி, பிள்ளைக்கு அஞ்சு நிமிசம் கொடுத்தால் அமெரிக்காக்காரன் அறியவா போறான் என்று கேட்டார். அதுவும் பிற்போக்கு என்று பதியப்பட்டது. இருந்தாலும் நாங்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். விண்ணப்பத்தை எழுத்தில் தந்தால் அடுத்த பொதுக்கூட்டத்தில் பரிசீலிப்பதாக அறிவித்தோம். அடுத்த பொதுக்கூட்டம் மாநாடு முடிந்த பிறகு.

புதன்கிழமை அவர் விண்ணப்பத்தோடு வந்தார். நல்ல கையெழுத்து. நான் பெற்றுக்கொண்டு இலக்கமிட்டேன்.

வியாழக்கிழமை வெறுங்கையோடு வந்து ஜவுபரின் கடைப் படியில் உட்கார்ந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு எழுந்து போனார். வெள்ளிக்கிழமையும் அப்படியே. நாங்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போய் வந்தபோதும் படியில்தான் இருந்தார். காவலிருந்த எங்களுக்குப் பெரும் சங்கடம். அவரைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டியிருந்தது. முன்னனுமதி பெறாமல் வாசலில் உட்கார்ந்து போராட்டத்துக்கு ஊறு விளைவித்ததாக அறிக்கையில் குறிப்பிட்டேன். கல்முனையில் அந்த வாரம் உண்மையாகவே உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்பது எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை வானொலியில் அந்த மகத்தான செய்தி வந்தது. சியாட்டில் மாநாடு தோல்வி. பஸாரில் வெடி கொளுத்தினோம். ஹாஜியாரின் கழுத்தில் பூமாலை விழுந்தது. கல்முனை மூடியது, உலகம் நடுங்கியது என்று அவர் முழங்கினார். சிறுவர்கள் கைதட்டினார்கள். பெரியவர்கள் தம் பங்கு வடையைக் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கொம்பியூட்டரின் திறப்பு விழா. ஆம், திறப்பதற்கு விழா என்றுதானே ஹாஜியார் ஏற்கெனவே வரையறுத்திருந்தார். அவர் முத்திரையை உடைத்துத் துணியை நீக்கினார். ஒலிபெருக்கி கட்டியிருந்தோம். உலகத்தின் பாராட்டுக்கள் வந்து குவிந்திருக்கும், ஜவுபர் அவற்றை ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்து ஊருக்குக் கேட்கச் செய்வார் என்பது நிகழ்ச்சிநிரல். கூட்டத்தின் ஓரத்தில் சிபானாவும் நின்றார்.

ஜவுபர் லைன் எடுத்தார். மூன்று ஈ-மெயில் இறங்கிற்று. மூன்றும் கட்டாரிலிருந்து. ஒலிபெருக்கியை நிறுத்துமாறு நான் சைகை காட்டினேன். ஜவுபர் என்னைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஐந்து நாள் வாய் மூடியிருந்த மனிதர் நிதானமாக வாசித்தார்.

செவ்வாய்க்கிழமைக் கடிதம்: அறுநூறு தொப்பியும் வேண்டும், கொழும்பு ஏஜெண்டின் முகவரி இது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுதவும். வியாழக்கிழமைக் கடிதம்: சகோதரி, நலம்தானே, ஏன் பதில் இல்லை, நாளை வரை விமானத்தில் இடம் பிடித்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமைக் கடிதம்: நோன்பு எனக்காகக் காத்திருக்காது, வேறு இடத்தில் வாங்கிவிட்டேன், மன்னிக்கவும்.

பஸார் முழுவதும் கேட்டது. இப்படியான நேரத்தில்தான் ஒரு தலைவரின் பெருந்தன்மை வெளிப்படும். ஹாஜியார் ஒலிபெருக்கியை வாங்கி, உள்ளூர் உற்பத்தியைக் காப்பது எமது கொள்கை, அறுநூறு தொப்பியையும் தாமே வாங்கிக்கொள்வதாக அறிவித்தார். பாதி விலைக்கு. தமது கடையின் கண்ணாடி அலுமாரியில் சீனத் தொப்பிகளுக்குப் பக்கத்தில் அவற்றுக்கும் ஓர் இடம் தருவதாகவும் சொன்னார். கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன்.

சிபானா என் அருகே வந்தார். அழுவார் என்று பயந்தேன். அழவில்லை.

"கிளாக்கர், என்ட மனுவுக்கு என்ன முடிவு?" என்று கேட்டார்.

வெற்றி விழா காரணமாகப் பொதுக்கூட்டம் பிற்போடப்பட்டிருக்கிறது என்றேன். இருபத்தைந்து வருட அரச சேவையில் ஆயிரம் பேருக்குச் சொன்ன பதில்தான். அன்றைக்கு மட்டும் அதை முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அவர் தலையை அசைத்துவிட்டு, பாதி விலையைப் பேசுவதற்கு ஹாஜியாரின் கடைக்குள் போனார். பின்னிய இருபத்திரண்டு பேர் வீட்டிலும் நோன்பு வருகிறதல்லவா.

இரண்டு வாரம் கழித்து இன்ஸாபிடமிருந்து ஒரு படிவம் வந்தது. உலகெங்கும் நடந்த மின்வலைப் போராட்டங்களைத் தொகுக்கிறார்களாம், கல்முனையின் விபரம் வேண்டுமாம். பங்குபற்றியோர் தொகை என்ற இடத்தில் அறுபதாயிரம் என்று போடச் சொன்னார் ஹாஜியார். போட்டேன். தலைமை தாங்கியவர் என்ற இடத்தில் தம் பெயரைப் பட்டங்களோடு போடச் சொன்னார். போட்டேன். 'தங்கள் நடவடிக்கையால் தடுத்து நிறுத்தப்பட்ட உலக வர்த்தகத்தின் விபரம்' என்று கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. பல கோடி டொலர் என்று எழுதுங்கள் என்றுவிட்டு, லுஹர் தொழுகைக்கு நேரமாகிறதென்று படியிறங்கிப் போய்விட்டார்.

பிறகு, என் உத்தியோக காலத்தில் ஒரே ஒரு தடவையாக, ஒரு படிவத்தில் உண்மையை எழுதினேன்:

'தொப்பி. அறுநூறு. நிந்தவூர். வேறில்லை.'

கீழே கைச்சாத்திட்டு, மூடி முத்திரையிட்டவர் என்று என் பெயரையும் எழுதினேன்.