ஓடத்தில நிக்கிறது ஆர்?

கண்ணகை அம்மன் துணை

செட்டிபாளையம்,
வைகாசிக் கடைசி, 1993

பனி கொட்டும் சுவிஸ் தேசத்தில் சீவிக்கும் என் தங்கை மகன் புவனேசனுக்கு, உன் பெரியம்மா சின்னத்தங்கம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. அம்மாளின் காவலில் நாங்கள் இங்கு சுகமாக உள்ளோம். நீயும் அவ்விதமே இருக்க விளக்கு வைத்து மன்றாடுகிறேன். நீ அனுப்பிய பாட்டுக் கசெட் பழுதின்றிக் கைக்கு வந்தது. றோட்டுச் சென்றிக் காவலில ஆமிக்காரன் அதத் தன்ட ரேடியோவில போட்டுச் சோதிச்சான், சோதிச்சான், அவ்வளவு நேரம் சோதிச்சான், மறுகா தலைய ஆட்டி ஆட்டிச் சிரிச்சுக்கொண்டு திருப்பித் தந்தான்.

மனே, இதுக்கு மேல எனக்குப் பள்ளிக்கூடத்துத் தமிழ் வராது. அவ்வளவு சந்தோசமா இரிக்கன். ஒரு பக்கம் அம்மன் பாட்டு, மத்தப் பக்கம் சும்மா கிடக்கப்படாதெண்டு புதுப் படப்பாட்டு அடிச்சு அனுப்பியிருக்கிறாய். அம்மன் பாட்டு நல்லந்தான், அதில குறை சொல்லப்படாது. ஆனா அந்த மத்தப் பக்கம் இரிக்கே! அதுவும் கடைசிப் பாட்டு, கடக்கரையில ஒரு புள்ள நிண்டு, ஓடத்தில போனவன் எப்ப வருவான் எண்டு தோழியிட்டக் கேக்கிற பாட்டு! முதல்ல உடுக்கும் பம்பையும் மட்டும் அடிக்கும், என்ட ஆத்தே, மேலெல்லாம் புல்லரிக்கும். இஞ்ச கரண்டும் இல்ல, பற்றறி வாங்கவும் விடுறானுகள் இல்ல. உன்ட பெரியப்பா சைக்கிளத் தலைகீழாக் கவுத்து வெச்சு, டைனமோவில ரேடியோ வயரக் கொழுவி, பெடலக் கையால சுத்துவார். அவர் களைச்சா அந்தப் புள்ளைக்கு ஆம்புளக் குரல் வந்திரும். "சுத்துங்க, சுத்துங்க, புள்ளைக்குத் தொண்டை கட்டுது" எண்டு நான் கத்துவன். "நீ வந்து சுத்திப் பாருகா, ஆருக்குத் தொண்டை கட்டுதெண்டு தெரியும்" எண்டு அவர் ஏசுவார்.

நல்லதொண்டக் கண்டா ஒளிச்சு வெச்சுத் திங்கிற பழக்கம் எனக்கில்ல, உனக்குத் தெரியும். முதல்ல உன்ட அம்மாவக் கூட்டி வந்து கேட்க வெச்சன். மறுகா பக்கத்து வளவு றோஸ்மேரி. மறுகா கிணத்தடிக்கு வாற எல்லாருக்கும் நானே வாயால பாடிக் காட்டி, வாளி நிரம்பி வழிய வழியப் படிப்பிச்சன். ஆனா மனே, நீ செய்த வேல என்னடா? கடைசி அடி வரக்குள்ள கசெட் முடிஞ்சு போச்சே! "தூரத்திலே பாயொண்ணு தோணுதடி தோழி, ஓடத்திலே நிக்கிறது..." எண்டு இழுக்கிறாள், டக்! அவ்வளவுதான். நிக்கிறது ஆரெண்டு சொல்லல்ல! அவன் வந்தானா, வரல்லையா? ரேடியோவிலயும் காதை வெச்சுக் கேட்டுப் பாத்தன், வேற வேற பாட்டுத்தான் போடுறாங்க. உன்ட அம்மா அன்னப்பூரணி ஒவ்வொரு நாளும் விடிய வந்து, "அக்கா, மிச்சம் பாடினதா? பொடியன் வந்தானா?" எண்டு கேக்கிறாள். கசெட் நேத்துப் பாடின மாதிரித்தான் இண்டைக்கும் பாடும் எண்டு சொன்னாலும் அவளுக்கு விளங்குதில்ல. நீ போன நாள் தொட்டுத் தலையில எண்ணெய் வெக்காம, சோறு தண்ணி ஒழுங்கில்லாமக் கிடந்தவள் அந்தப் பாட்டுக்கு மட்டும் எழும்பி வாறாள், நான் என்ன செய்யிற?

இனித்தான் கதை. எங்கட அம்மன் கோயில் சடங்கு வந்திச்சு. ஊரடங்கெண்டு பகலிலேயே முடிக்கச் சொல்லிட்டாங்க. உடுக்கு அடிக்கிற சீனித்தம்பியர் வாவி கடந்த படுவான்கரையில, ஆமிக்காரனுகள் ஓடத்துறையப் பூட்டிட்டானுகள், மனுசன் அங்கால மாட்டிப் போனார். உடுக்கில்லாமத் தெய்வம் எப்படி வாற? வண்ணக்கர் நல்லரத்தினம், கோயில் நிர்வாகமெல்லாம் அவர்ர கையில, என்ட வாசலுக்கு வந்து, "சின்னத்தங்கம், சுவிசில இருந்து அம்மன் பாட்டு வந்திரிக்காமே, கொண்டு வா" எண்டார். எனக்கு நெஞ்சு நிமிந்து போச்சு. கோயில்ல நாக்கச் சுழட்டிக் குரவை போட முன்னுக்கு நிக்கிறவள் நான், இப்ப பாட்டும் என்டது! ரேடியோவ இடுப்பில வெச்சன், பெரியப்பா சைக்கிளத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆலமரத்துக்குப் பின்னால கவுத்து வெச்சு, "அம்மாளே" எண்டு சுத்தத் தொடங்கினார்.

கசெட்ட நான் அம்மன் பாட்டுப் பக்கம் திருப்பிப் போடல்ல மனே. முதல்நாள் எந்த இடத்தில நிப்பாட்டினமோ அந்த இடத்திலேயே கிடந்திச்சு. உடுக்கும் பம்பையும் அடிச்சுது பார்! தெய்வம் ஆடுற வினாயகமூர்த்திக்கு உடனே உடம்பு நடுங்கிச்சு, வேப்பிலையப் புடுங்கிக்கொண்டு எழும்பிட்டார், பொம்புளையள் எல்லாரும் குரவை, நானும் முதல் ஆளாக் குரவை. குரவை அடங்கக்குள்ள அந்தப் புள்ள "மச்சான் வரக் காணோமே" எண்டு தொடங்கிட்டாள்! வண்ணக்கர்ர முகம் அவிச்ச வத்தாளங்கிழங்கு மாதிரிப் போச்சு. வேலிக்கு அங்கால நிண்டு பாத்த றோஸ்மேரி, "என்னகா, உங்கட அம்மாளுக்கும் காதல் பாட்டு விருப்பமாகா?" எண்டு சத்தமாக் கேக்கிறாள். நிப்பாட்ட ஓடினன். வண்ணக்கர் கையப் புடிச்சிட்டார். தெய்வம் எந்தப் பாட்டுக்கு வந்திச்சோ அந்தப் பாட்ட நடுவில நிப்பாட்டப்படாது, அது எங்கட கோயில் வழக்கம். சரியெண்டு கும்புட்டுக்கொண்டு நிண்டம். "ஓடத்திலே நிக்கிறது..." டக்!

வினாயகமூர்த்தி ஒத்தக் காலில நிக்கிறார். கண் சிவந்து, "மிச்சம்! மிச்சத்தப் பாடு!" எண்டு அம்மாள் கேக்கிறா. ஊரே என்னப் பாக்குது. உன்ட அம்மா முன் வரிசையில வாயத் துறந்துகொண்டு நிக்கிறாள். எனக்கு எங்க இருந்து வந்திச்செண்டு தெரியாது மனே, கண்ண மூடிக்கொண்டு பாடினன்:

"ஓடத்திலே நிக்கிறது எங்கட பொடியன் தானடி
ஒரு கையில சூட்கேசு, மறு கையில குடையடி
வாவிக்கரை இறங்கிட்டான் வாய் நிறைஞ்ச சிரிப்போட
சோத்தப் போடு தாயே, சுறா வறையும் வையடி!"

கோயிலுக்குள்ள மீன் பேர் சொல்லிட்டன் எண்டு நாக்கக் கடிச்சு, "கத்தரிக்காய்க் கறியும் வையடி" எண்டு மறுகா ஒருக்காப் பாடினன். அம்மாள் சிரிச்சா! கண்ணால கண்டன். மத்தக் காலையும் கீழ வெச்சு, தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, மலையேறிட்டா. உன்ட அம்மா அண்டைக்கு மூண்டு தரம் சோறு வாங்கித் திண்டவள்.

இப்ப ஊர் முழுக்க அந்தப் பாட்டு, என்ட முடிவோட. வலை இழுக்கிறவன், மா இடிக்கிறவள், எல்லார்ர வாயிலயும் சூட்கேசும் குடையும்தான். ஆனா வண்ணக்கர் விடுறார் இல்ல. "நீயாக் கட்டினதெண்டா அது அம்மாளுக்குச் சொன்ன பொய். அடுத்த சடங்குக்குள்ள உண்மையான முடிவக் கொண்டு வா, இல்லாட்டிக் குரவைக்கு முன்னுக்கு வராத" எண்டு சொல்லிட்டார். குரவை போனாலும் போகட்டும் மனே, அம்மாளுக்குப் பொய் சொன்னனோ எண்டதுதான் எனக்குப் பயம். ஆனபடியால் இந்தக் கடிதம் கண்டவுடன், வேலைக்குப் போக முதல், அந்தப் பாட்ட முழுக்கக் கேட்டு, ஓடத்தில நிண்டது ஆரெண்டு சொல்லுக்குச் சொல்லாக எழுதி அனுப்பு. மறந்திராத, என்ட மானம் உன்ட கையில.

பெரியப்பா தன்ட தோள்மூட்டு நோவையும் எழுதச் சொன்னார், எழுதிட்டன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. திருநூறு மடிச்சு வெச்சிரிக்கன், பூசிக்கொள். அம்மாள் உன்னக் கண்ணுக்குள்ள வெச்சுக் காப்பா.

இப்படிக்கு,
உன்னில் உயிரான பெரியம்மா
சின்னத்தங்கம்

பி.கு: கடிதத்த ஒட்ட முதல் றோஸ்மேரி ஓடி வந்தாள். டவுனில அண்ணன் வீட்டுக் கலியாணத்தில வீடியோ டெக்கில அந்தப் பாட்டு வாற படத்தப் போட்டவங்களாம். ஓடம் வந்ததாம். ஆளில்லையாம், அவன்ட சால்வை மட்டும் கிடந்ததாம். சொல்லிட்டு அவளும் அழுதாள், நானும் அழுதன். மறுகா அவளிட்ட மாதா மேல சத்தியம் வாங்கிட்டன், ஒருத்தருக்கும் சொல்லப்படாதெண்டு. மனே, மேல எழுதின ஒண்டையும் கணக்கில எடுக்காத. மிச்சப் பாட்ட அனுப்பாத. உன்ட அம்மாக்கு எழுதுற கடிதத்திலயும் மூச்சு விடாத. குரவைக்கு ஆர் வேணுமெண்டாலும் முன்னுக்கு நிக்கட்டும். என்ட பாட்டுப் பொய்யெண்டா அம்மாள் அண்டைக்கே ஏசியிருப்பா, அவ சிரிச்சவ. அது பொய்யாகாம இருக்கிறது இனி உன்ட கையிலதான் இரிக்கி. நீ வரக்குள்ள ஒரு கையில சூட்கேசும் மறு கையில குடையும் கொண்டு வா. சுறா வறை நான் வெக்கிறன்.