முப்பத்தேழாம் நம்பர் மரத்து ஆணி

சபீனா, முழிச்சினு கீறியா? போன் பண்ணா குரல் கேட்டுடும், அதான் டைப் பண்றேன்.

அக்காவுக்கு எட்டரை மணிக்கு மறுபடி வலிப்பு வந்துடிச்சி. சோத்துத் தட்டு மேலயே சாஞ்சிட்டா. இப்ப தூங்கறா, மூச்சு சீரா கீது. நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துகினு கீறேன். அம்மா இன்னா சொல்றாங்க தெரியுமா? "நீ ஆணியப் புடுங்கினதாலதான்டி வந்துச்சி." புடுங்கினது நான்தான். பயமா கீதுடி.

நீ பூந்தமல்லிக்கு ஊடு மாத்தினு போனப்புறம்தான் பேயோட்டற கலியமூர்த்தி சாமி பெரிய ஆளானாரு. சேக்காடு பஸ் ஸ்டாப்புல குடை புடிச்ச மாதிரி ஒரு தூங்குமூஞ்சி மரம் நிக்குமே, மாநகராட்சில மஞ்ச பெயிண்ட்ல 37னு நம்பர் போட்டது. மாநகராட்சிக்கு அது மரம். சாமிக்கு அது ஜெயிலு. பேய் புடிச்சவங்க உச்சி முடில நாலு இழை அறுத்து, அஞ்சு இஞ்ச் ஆணில சுத்தி, மரத்துல அடிச்சா பேய் உள்ள. ஜாமீன் கெடையாது.

செவ்வா வெள்ளின்னா பாடி ஏரியாலேர்ந்தெல்லாம் வண்டி புடிச்சி வருவாங்க. இடுப்பு வலிப் பேய், மாமியார் பேய், மனை விக்க உடாத பேய். அப்பார்ட்மெண்ட் ராகேஷ் அண்ணா லேப்டாப் பையோட வந்து நின்னாரு. அவுரு கம்பெனில ரெண்டு வருசமா வெளிநாடு அனுப்பலயாம். அதுக்கும் பேய்தான் காரணமாம். பேய் மேனேஜர் போஸ்ட்டுல கீது போல.

ஆணி சாமியோட மச்சான் கஜபதி கடைலதான் வாங்கணும். வேற கடை ஆணின்னா பேய் வழுக்கிகினு வெளிய வந்துடுமாம்.

இருநூறு ஆணி வாங்கின மரம் இன்னா ஆவும்? காய ஆரம்பிச்சிது. மேக்கால கிளை மொத்தமா இலை கொட்டிச்சி. சாமி ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு: "உள்ள பேய் சாவுது, அதான் கொட்டுது." அவ்ளோதான், ஒவ்வொரு இலை உழும்போதும் ஜனம் கன்னத்துல போட்டுகினுச்சி. நெழல் போயி, மண்டை காய பஸ்ஸுக்கு நின்னுகினே போட்டுகினுச்சி.

எங்க அக்கா ஜெயப்பிரியா முடியும் அதுல கீது. பொங்கல் முடிஞ்ச கையோட அடிச்சாங்க. அன்னிக்கே சாமி அம்மாகிட்ட, "இனிமே வலிப்பு மாத்திரை குடுக்காத, அந்த வாசனைக்கு பேய் முழிச்சிக்கும்"னாரு. அம்மா மாத்திரைய அட்டையோட பரண் மேல போட்டுட்டாங்க.

இன்னிக்கு காலைல எங்க ஸ்கூல் பசங்க பத்து பேரை மாநகராட்சி பூங்கா பிரிவு சுசீலா அக்காவோட அனுப்பினாங்க. தெரு மரத்துல ஆணி, போர்டு, ஒயரு எதுவும் இருக்கக் கூடாது, மொத்தமும் கழட்டற வேல. 37க்கு வந்ததும் நான் பின்னாடி போயி நின்னுகினேன். சுசீலா அக்கா ஆணி புடுங்கற குறட்டக் கைல குடுத்து, "மெதுவா ஆட்டி இழு கண்ணு, பட்டை கிழியக் கூடாது"ன்னாங்க. ஓட்டைல எல்லாம் வேப்பெண்ணெ வச்சாங்க. செவப்பு நூல் கட்டின ஆணி ஒண்ணு வந்துச்சி. அக்கா ஆணிக்கு அடையாளமா அந்த நூலக் கட்டினதே நான்தான். யாருக்கும் தெரியாம பாக்கெட்ல போட்டுகினேன்.

பன்னெண்டு மணிக்கெல்லாம் கூட்டம் சேந்துடிச்சி. சாமி வேட்டிய மடிச்சிக் கட்டினு ஓடியாந்தாரு.

"இருநூத்திப் பன்னெண்டு பேய அவுத்து உட்டுட்டியேம்மா. சாயந்தரத்துக்குள்ள திரும்பி அடிக்கலன்னா தெருவுக்கு ஒரு பொணம்."

அதக் கேட்டதும், இடுப்பு வலிப் பேய்க்கு ஆணி அடிச்ச நாகம்மாள் ஆயா இடுப்பப் புடிச்சினு உக்காந்துட்டாங்க. அதுக்கு முந்தின நிமிசம்தான் குழாய்லேர்ந்து ரெண்டு குடம் தூக்கினு போனாங்க. கஜபதி கடைக்கு வரிசை கட்டிச்சி. வரிசைல மொத ஆளு எங்க அம்மா.

சுசீலா அக்கா லாரிலேர்ந்து ஒரு பக்கெட்ட எறக்கி நடுவுல வச்சாங்க. மேல ஈரச் சாக்கு மூடி இருந்துச்சி.

"சாமி, தோ பக்கெட்டு. உள்ள யாரு யாரு கீறாங்கன்னு சொல்லு."

"தொறக்காத, தொறந்தா ஊரே காலி." சாமி ரெண்டு கையும் நீட்டி நடுங்கினாரு. "முனி கீறான். தூக்கு மாட்டினவ ஒருத்தி கீறா. தோ, இந்தப் பொண்ணோட அக்காவப் புடிச்சவன், கொல்லாம உட மாட்டேங்கறான்."

நான் பாக்கெட்டத் தொட்டுப் பாத்தேன் சபீனா. அக்கா ஆணி அங்கதான் கீது. அப்ப பக்கெட்ல பேசறது யாரு?

"நல்லாப் பாத்து சொல்லு நைனா, அப்பறம் மாத்திப் பேசக் கூடாது"ன்னாங்க சுசீலா அக்கா.

"என் கண்ணு பொய் சொல்லாது."

சுசீலா அக்கா சாக்க எடுத்தாங்க. உள்ள எலுமிச்ச சாதம். எங்களுக்கு மதியத்துக்கு எடுத்தாந்தது. மேல வேர்க்கடலை.

கூட்டம் எட்டி எட்டிப் பாத்துச்சி. அப்பறம் ஒரு பையன், "முனி தாளிச்சி கீறாருடா"ன்னான். தெருவே சிரிச்சிடிச்சி.

"பேய் சாதத்துல பூந்துகினுச்சி, தின்னா ரத்தம் கக்குவீங்க"ன்னாரு சாமி.

சுசீலா அக்கா ஒரு கை அள்ளி வாய்ல போட்டு மென்னாங்க. "உப்புதான் கம்மியா கீது. ஆணி பக்கெட்டு லாரிலயே கீது அண்ணாத்தே, அங்கேர்ந்து ஒரு பேயும் உன்னக் கூப்புடலியா?"

சாமியும் கஜபதியும் பைக்ல ஏறினதுதான் தெரியும். கடை ஷட்டர் கூட மூடல.

இத்தோட ஜனம் திருந்திச்சின்னு நெனச்சியா? ராகேஷ் அண்ணா சுசீலா அக்கா கிட்ட வந்து மெதுவா, "மேடம், உங்களுக்கு பேயால ஒண்ணுமே ஆவல. அந்தக் குறடு பழசு ஒண்ணு கெடைக்குமா, வாசல்ல மாட்டணும்"னாரு.

"தலைய மாட்டு தம்பி. சும்மாதான கீது"ன்னாங்க.

அம்மா மட்டும் சிரிக்கல. ராத்திரி அக்கா உழுந்ததும் ஆணி என்கிட்டதான் கீதுன்னு ஒளறிட்டேன், அதத் திரும்பி அடிக்கணும்னு அம்மா என் பையத் தொழாவினாங்க. நான் குடுக்கல.

உனக்கு மட்டும் சொல்றேன். ஆணி மரத்துல இருந்தப்பவே அக்காவுக்கு ரெண்டு வாட்டி வந்துச்சி, காலேஜ் பஸ்ல. "அம்மா இப்பதான் நிம்மதியா கீது, சொல்லாதடி"ன்னா. நானும் சொல்லல. பேயப் பத்திக் கேக்க தெருவே வரிசைல நின்னுச்சி. மாத்திரை இன்னா ஆச்சின்னு கேக்க ஒருத்தர் இல்ல. மண்டைன்னு ஒண்ணு கீதே, முடி வளக்க மட்டுமா குடுத்தாங்க? என்னையும் சேத்துத்தான் கேக்கறேன்.

காலைல ஆஸ்பத்திரிக்கு போலாம்னு அப்பா சொல்லிட்டாரு. டாக்டர் மொதல்ல கேக்கப் போறது, ஏழு மாசமா மாத்திரைய நிறுத்தினது யாருன்னுதான். சாமி ஓடிட்டாரு. அம்மா அழுதுகினு கீறாங்க. அக்காவுக்கு வாய் தொறக்கத் தெம்பில்ல. தெரிஞ்சும் வாய மூடினு இருந்தவ நான்.

நான் யாரக் கை காட்டறது சபீனா?