ஊத்துக்கு மேற்கே வரைந்த பனை

மாரியூர்,
வைகாசி 14, புதன்கிழமை

மதுரையில் இருக்கும் பேத்தி கவிப்ரியாவுக்கு அப்பத்தா இருளாயி எழுதும் கடிதம். இங்கு நானும் உன் அய்யாவும் நாலு ஆடும் சுகம். நீயும் சுகமாயிருக்க முனியசாமியை வேண்டிக்கொண்டேன். வேண்டி முடித்ததும் கோபம் வந்துவிட்டது, அதான் எழுதுகிறேன்.

நம்ம கரையைக் கடல் தின்னத் தின்ன, வருசத்துக்கு ஒண்ணா ஒம்போது படம் வரைஞ்சு கண்காட்சி வச்சியே, நல்லது. ஏழாவது படத்துல எல்லைப்பனையை ஏன் நகட்டின? பனைக்கு மேற்க நம்ம நிலம், கிழக்க பூமயில் நிலம். குடிதண்ணி ஊத்து பனைக்கு மேற்க, நம்ம பக்கம். நீ அந்த ஊத்துக்கும் மேற்க பனையை வரைஞ்சு வச்சிருக்க. போன மாசம் கடல் ஏறி பனையும் சாஞ்சிருச்சு, எல்லைக்கல்லும் போயிருச்சு. வெள்ளிக்கிழமை சர்வேயர் வந்து புதுக்கல் நடுறார். சர்க்கார் படத்துல ஊத்தும் இல்ல, பனையும் இல்ல. பூமயில் உன் படத்தைப் போன்ல வச்சுக்கிட்டு, "அவ பேத்தியே வரைஞ்சிருக்கா, ஊத்து எங்க பக்கம்"னு தெருத்தெருவாக் காட்டுறா.

உன்னைக் கேட்டா, "பனை அங்கன நின்னா படம் ஒரு பக்கமாச் சாயுது அப்பத்தா, அதான் தள்ளி வச்சேன்"ங்கிற. உன் பூட்டன் நட்ட மரம். எத்தனையோ புயல் தள்ளிப் பாத்துச்சு, நகரல; நீ தள்ளிட்ட. ரெண்டாப்பு படிக்கையில என் அடுப்படிச் சுவத்துல கரியால மூணு கால் கோழி வரைஞ்ச. ஏன்டின்னு கேட்டதுக்கு, நாலாவது கால் பின்னாடி இருக்குன்ன. அன்னைக்கே ரெண்டு போட்டிருக்கணும்.

ஊத்து அவ பக்கம் போனா நான் குடத்தைத் தூக்கிக்கிட்டு அவ முன்னால நிக்கணும். இருபத்தொரு வருசத்துக்கு முந்தி, ஆடி ரெண்டாவது வெள்ளி, என் நெறகுடத்தைக் கால்ல தள்ளிவிட்டுட்டு, தெரியாமப் பட்டுருச்சுன்னா. கத்திரிப்பூக் கலர்ச் சேலை கட்டியிருந்தா. அன்னையிலருந்து பேச்சில்ல. அவகிட்ட தண்ணி கேக்குறதுக்கு நான் கடலைக் குடிச்சிட்டுப் போறேன்.

கருவாட்டு வண்டிக்காரர் ஜாபர் சாதிக் இந்தக் கவரைக் கொண்டாருவார். கண்டதும் பனையை ஊத்துக்குக் கிழக்க ஆறடி நகட்டி வரைஞ்சு, போட்டோ எடுத்து உன் அய்யா போனுக்கு அனுப்பு. படம் சாஞ்சா சாயட்டும்.

காலாகாலத்துல சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. சாமி உன் கையை நல்லா வைக்கட்டும், கண்ணையும்.

இப்படிக்கு,
அப்பத்தா இருளாயி

பி.கு: நேத்து வண்டி வரல, அதனால வியாழக்கிழமை எழுதுறேன். சர்வேயர் ஒரு நாள் முன்னாடியே வந்துட்டார். போய்ப் பாத்தா, ராத்திரி கடல் ஏறி ஊத்து உப்பாகிருச்சு. நானும் ஒரு கை அள்ளிக் குடிச்சேன், அவளும் குடிச்சா. ரெண்டு பேருமே துப்பிட்டோம். நல்ல தண்ணி ஊத்து இருந்ததுக்கு ஆதாரம் இருந்தா குழாய்த் தண்ணி கேட்டு சர்க்காருக்கு எழுதிப் பாக்கலாம்னு சர்வேயர் சொல்றார். உன் படத்தைத் தவிர ஆதாரம் ஏது? பனை எங்க நின்னுச்சுன்னு கேட்டார். படத்துல உள்ளபடின்னு ரெண்டு பேரும் சேந்தே சொல்லிட்டோம். அதனால பனையில கை வைக்காத. சேந்து சொன்னோம்னா பேசிக்கிட்டோம்னு நினைச்சுக்கிராத. அவ கிழக்க பாத்துச் சொன்னா, நான் மேற்க பாத்துச் சொன்னேன்.