துண்டுக்குள் நடந்த தலைவர் தேர்தல்

ஸ்ரீராம்புரம், பெங்களூர்
1999, ஆடிக் கடைசி வெள்ளி

மதிப்பிற்குரிய மச்சான் சந்திரசேகரன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை வேதநாயகியின் கணவன் ஞானசேகரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், வேதநாயகி, மகள் கிருத்திகா மூவரும் உடம்பளவில் சௌக்கியம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள். பொம்மனஹள்ளியில் தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் தொழுவத்தில் உள்ளவைகளும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

ஒரே ஊருக்குள் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். நேரில் வந்தால் கதவுக்குப் பின்னாலிருந்து, "அவரு வீட்ல இல்ல, எப்ப வருவாருன்னும் சொல்லல" என்று தங்கள் சொந்தக் குரலிலேயே பதில் வருகிறது. இனி எனக்குத் தபால்காரரை விட்டால் கதியில்லை. அதனால் விஷயத்துக்கு நேராக வருகிறேன். ஆவணியில் கிருத்திகாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டு அழைத்து வராமல் நம் குடும்பத்தில் ஒரு பெண்ணும் மணையேறியது கிடையாது. சங்கத் தேர்தலில் தோற்ற அன்று எல்லோர் முன்னாலும், "அந்தப் பந்தல்ல நான் கால் வெக்கமாட்டேன்" என்று தாங்கள் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். குழந்தை அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை.

தங்களைத் தோற்கடித்தது நான்தான் என்று தாங்கள் சொல்லி வருவதாகக் கேள்வி. ஐயோ மச்சான்! நான் வியாபாரி வீட்டுப் பிள்ளையா? தொழிற்சாலையில் டைப் அடித்து விருப்ப ஓய்வு வாங்கியவன். மூன்று பாஷையில் மனு எழுதத் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக என்னை இழுத்துக்கொண்டு போய்க் கர்நாடக மாநில ஆடு மாடு வியாபாரிகள், தரகர்கள் சங்கத்துக்குக் கௌரவச் செயலாளன் ஆக்கியதே தாங்கள்தானே. அந்த முறையில், தாங்கள் ஆசைப்பட்ட தலைவர் நாற்காலியின் பெருமையை நான் உணராதவனா?

முதல் தலைவர் புட்டசாமண்ணா. மாடு ஏற்றி வரும் லாரிகளை வழியில் நிறுத்திக் கெடுபிடி செய்கிறார்களே, கேட்க நாதியில்லையே என்று பொறுக்காமல் டீக்கடை பெஞ்சில் சங்கத்தை ஆரம்பித்தவர். சொந்த மகள் கல்யாணத்தன்று ஓசூர் ரோட்டில் லாரி நிற்கிறது என்று தகவல் வந்ததும், பட்டு வேட்டியோடு எழுந்து போய், மாடுகளை இறக்கித் தண்ணீர் காட்டி வைக்கோல் போட்டு, லாரியை விடுவித்துவிட்டுத் திரும்பினால் மண்டபத்தில் பந்தி முடிந்து, பெண் புருஷன் வீட்டுக்கே போய்விட்டாள். "பாயசம் நாளைக்கும் குடிக்கலாம், வாயில்லா ஜீவன் பட்டினி கெடக்கலாமா?" என்றாராம். எப்பேர்ப்பட்ட மனசு! இரண்டாமவர் அமீர்ஜான் சாப். மகன் நிக்காவன்று சித்ரதுர்கா பக்கத்து ஆட்டுச் சந்தையில் தண்ணீர்த் தொட்டித் தகராறு. சமாதானம் பேசப் போனவர், மீந்த பிரியாணியை மறுநாள் சங்க ஆபீசில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதை என் கண்ணால் பார்த்தேன். மூன்றாமவர் சேஷகிரி ஐயா. போன வருஷம் சந்தை முடிந்து திரும்பும்போது தும்கூர் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. வீட்டில் பேத்திக்குத் தொட்டில் கட்டிக் காத்திருந்தார்கள். பெயரை அவர் வந்துதான் சொல்வதாக இருந்தது. மனசில் என்ன பெயர் வைத்திருந்தாரோ, பாவம், கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. துக்கம் கேட்டுவிட்டு வந்த அன்று வேதநாயகி சோற்றில் கை வைக்கவில்லை. அந்த மகான்கள் வரிசையில் நாலாவது படமாகத் தொங்க வேண்டும் என்று தாங்கள் கோட்டு மாட்டிப் போட்டோ எடுத்து, கண்ணாடி போட்டு, ஆணியும் அடித்து வைத்தது எனக்குத் தெரியும். எனக்கு அதில் சந்தோஷமே தவிர வயிற்றெரிச்சல் கிடையாது.

ரகசிய ஓட்டெடுப்பு நடத்தியே தீர வேண்டும் என்று அரசாங்கத்திலிருந்து ஓலை வந்தது. நான் சீட்டு அச்சடிக்கலாம் என்றேன். தாங்கள்தான் எழுந்து, "பெட்டின்னா தொறந்து பாப்பானுங்க, சீட்டுன்னா மோந்து பாப்பானுங்க. துண்டுக்குள்ள நடக்கிறத ஆண்டவனே வந்தாலும் பாக்க முடியுமா?" என்று கேட்டீர்கள். சபையே கை தட்டியது. சந்தையில் விலை பேசுவது போலத் துண்டை மேலே போட்டு, அடியில் கையைப் பிடிப்பது. ஒரு விரலைப் பிடித்தால் சந்திரசேகரன், இரண்டு விரலைப் பிடித்தால் தங்களை எதிர்த்து நின்ற அந்தச் செல்போன்காரப் பையன் ஹரிஷ்குமார். இதில் நான் எங்கே வந்தேன்? கை கொடுப்பதற்குக் கட்சி சேராத ஆள் வேண்டும் என்று, ஆயுளில் ஒரு கோழிகூட விற்றறியாத காக்ஸ் டவுன் ரெமிஜியஸ் மாஸ்டரைக் கூட்டி வந்ததும் தாங்களே. மனுஷன் பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் பிடித்த கை. காளையின் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பழகியவர்கள் ஒவ்வொருவராக வந்து நசுக்க நசுக்க, "சேசுவே!" என்று முனகிக்கொண்டே, ஒவ்வொரு பிடிக்கும் ஒரு புளியங்கொட்டையை அந்தந்த டப்பாவில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவரால் கை குவிக்க முடியவில்லையாம்.

டப்பாக்களைத் திறந்து பார்த்தார்கள். தங்கள் டப்பாவில் அடித்தகரம் தெரிந்தது. தாங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டீர்கள். அதற்கப்புறம் நடந்ததற்கெல்லாம் நான் பொறுப்பா? ஜெயித்துவிட்ட நினைப்பில் தாங்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்த மேளக்காரர்கள் நேராகப் பொம்மனஹள்ளிக்கு வந்து தங்கள் வாசலில் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் பின்னாலேயே ஸ்கூட்டரில் ஓடி வந்து, "நிறுத்துங்கப்பா, அவரு தோத்துட்டாரு" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன சாமி, காசு வாங்கிட்டு அடிக்காம போனா எங்களுக்குப் பாவம்" என்று இன்னும் ஓங்கி அடித்தார்கள். சத்தத்தில், வெற்றி ஊர்வலத்துக்கென்று தாங்கள் அலங்கரித்துக் கட்டியிருந்த காளை கயிற்றை அறுத்துக்கொண்டு வாசலில் கட்டிய வாழைமரத்தைத் தின்றுவிட்டது. அக்கம்பக்கத்தார் தங்களுக்குப் போட்ட மாலையை நான்தான் போடச் சொன்னேன் என்பது அபாண்டம். அவர்களுக்கு விஷயம் தெரியாது.

இப்போது கேளுங்கள். மறுநாள் காலையில் சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராக என் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் மனசிலே தலைவர் தாங்கள்தான் என்று அடித்துச் சொன்னார்கள். "ஏன் சார், மாஸ்டரு மொதப் பிடியிலயே கைய உருவிக்கிட்டாரு? எந்தத் தரகன் மொதப் பிடியில நெசத்தைச் சொல்லுவான்? ரெண்டு வெரல்ல ஆரம்பிச்சு, கொஞ்சம் பிகு பண்ணி, அப்புறம் ஒத்த வெரலுக்கு எறங்கலாம்னு இருந்தோம். பேரமே பேசாம கொட்டையைப் போட்டுட்டாரே!" என்று அங்கலாய்த்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்த அத்தனை பேரும் ஒரு வார்த்தைகூட மாறாமல் இதையே சொன்னதால் இது சத்தியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மச்சான், தாங்கள் தோற்கவில்லை! அத்தனை பேருக்கும் தாங்கள்தான் வேண்டும் என்பதால்தான் அத்தனை பேரும் மற்றவனில் ஆரம்பித்திருக்கிறார்கள். வியாபாரம் தெரியாத வாத்தியார் கையில் துண்டைக் கொடுத்ததுதான் தப்பு. ஊரே மனசில் தலைவராக வைத்திருக்கும்போது நாற்காலி யாரிடம் இருந்தால் என்ன? கோபத்தை விட்டுவிட்டு வாருங்கள். பத்திரிகையில் தாய்மாமன் என்று தங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். அந்த இடத்தில் நிற்க இந்தப் பூமியில் வேறு ஆள் கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன், தாங்கள் வராவிட்டால் எனக்கு அந்தப் பந்தலில் நிற்கத் தெம்பில்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம். சின்னதுகளுக்கு ஆசி. தோல்வி தெரியாமல் வாழைமரத்தைத் தின்ற காளைக்கு வயிறு சரியாகிவிட்டதா என்று ஒரு வரி தெரிவிக்கவும்.

தங்கள் பணிவுள்ள
ஞானசேகரன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் கடிதத்தை வேதநாயகியிடம் படித்துக் காட்டினேன். மூன்று தலைவர்கள் கதை வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேரம் பேசிய இடம் வந்ததும் சிரித்துவிட்டாள். "பேரமாவது மண்ணாவது! மாட்டுக்குத்தான் பேரம் பேசுவாங்க, ஆளுக்கு எவனாவது பேசுவானா? மொதப் பிடியே கடைசிப் பிடிதான். நான் வியாபாரி பொண்ணு, எனக்குத் தெரியாதா? பத்திரிகை வெக்கப் போன வீட்ல எல்லாம் பொம்பளைங்க கையில குங்குமத்தக் குடுத்து, 'உங்க வீட்டுக்காரரை எங்க அண்ணனுக்குப் போட வேணாம்னு சொல்லுங்க'ன்னு கேட்டுட்டு வந்தது நான்தான். உங்க மனசு நோகக்கூடாதுன்னு அவங்க ஒரு கதையைக் கட்டினா, நீங்களும் நம்பிட்டு வந்து எழுதறீங்க" என்றாள். கிழித்துப் போடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டு, தான் சொல்வதை அப்படியே கீழே எழுதச் சொன்னாள். எழுதுகிறேன்:

"அண்ணா, அந்த நாற்காலியில உக்காந்தவன் எவன் வீட்டு விசேஷத்துக்கு வந்து சேந்தான்? ஹரிஷ்குமாருக்கு இன்னும் கல்யாணம் ஆகல, அவன் சுத்தட்டும். சங்கத்துக்குத் தலைவர் நூறு பேர் கெடைப்பாங்க. எனக்கு நீ ஒருத்தன்தான். உன்னைத் தோக்கடிச்சது நான்தான். கோவம்னா வந்து நாலு பேர் பாக்க என்னைத் திட்டு. கல்யாணத்தன்னைக்கு எனக்கு நேரம் இருக்காது. ரெண்டு நாள் முன்னாடியே வந்துடு."