குறுக்குவெட்டர் ஒத்துக்கொண்ட பிழை

அந்த வருஷங்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே துவக்கைப் பார்த்து அலுக்காத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். எங்கள் கந்தோரின் படம்வரைஞர். மற்ற எல்லோருக்கும், துவக்கைத் தோளில் கொண்டு திரிந்தவர்களுக்கும் சேர்த்து, களைத்துப்போயிருந்தது. எனக்கு இன்றைக்கும் அந்தக் களைப்புத் தீரவில்லை. துப்பாக்கிக்கு நாங்கள் சொல்லும் துவக்கு என்ற சொல்லை எழுதவே கை சலிக்கிறது. ஆனால் இவரைப் பற்றி எழுதுவதானால் வேறு வழியில்லை.

சாவகச்சேரியில் வாய்க்கால், மதகு, அணைக்கட்டு என்று பார்க்கிற சின்னக் கந்தோர் அது. அவருடைய சொந்தப் பெயரை வரவுப் புத்தகத்தில்தான் காணலாம். ஊருக்கு அவர் குறுக்குவெட்டர். எதைக் கண்டாலும் நடுவால் வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்று வரைந்துவிடுவார். கதவுப் பூட்டை வரைந்தார், சுவர் மணிக்கூட்டை வரைந்தார். ஒருமுறை எங்கள் பிரதம லிகிதரின் பொய்ப்பல் கட்டையும் வரைந்தார். அது அப்போது பிரதம லிகிதரின் வாய்க்குள்ளேதான் இருந்தது.

சண்டை வந்து வாய்க்கால் வேலைகள் நின்றுபோக, மனிதருக்கு வரைய ஒன்றுமில்லை. அதனால் ஊரில் தாராளமாகக் கிடைத்த பொருளுக்கு மாறிவிட்டார். துவக்கு ஒன்றை அவர் கையால் தொட்டதில்லை. கோயில் திருவிழாச் சீனவெடிக்கே காதைப் பொத்திக்கொண்டு வெளிவீதிக்குப் போகிற ஆள். சென்றி என்கிற காவலரண்களைக் கடக்கும்போது கடைக்கண்ணால் பார்ப்பார். வெடிச் சத்தத்தைக் கேட்பார். மறுநாள் ரோட்டில் கிடக்கும் சுட்ட ரவைகளின் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி, எந்த இடத்தில் நெளிந்திருக்கிறது, எங்கே கரி பிடித்திருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார். பிறகு மேசையில் குனிந்தாரென்றால் பின்னேரம் வரை நிமிரமாட்டார்.

வெடி கேட்டால் நாங்கள் எல்லோரும் மேசைக்குக் கீழே போவோம். அவர் மட்டும் யன்னலடியில் தலையைச் சரித்தபடி நிற்பார்.

"எஸ்.எல்.ஆர்.," என்பார். "காத்து வெளியேறுற துவாரத்தை இறுக்கி மூடி வைச்சிருக்கிறான். உதை கூடவா இருக்கும், பாவம்."

"அண்ணை, எந்தப் பக்கத்தாலை வருதெண்டு சொல்லுங்கோ," என்று தட்டச்சு செய்கிற புஷ்பமக்கா மேசைக்குக் கீழிருந்து கெஞ்சுவார். "ஓடுறதோ இருக்கிறதோ எண்டு பாக்க."

"பக்கம் எனக்குத் தெரியாது பிள்ளை. பொறிமுறைதான் தெரியும்."

"ஆர் சுடுறாங்கள் எண்டாவது?"

"அது என்ரை பகுதி இல்லை."

உண்மையில் அது அவருடைய பகுதி இல்லைதான். ஆறு வருஷத்தில் எத்தனை தரப்புகள் வந்து போயின. எவனைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் சொன்னதில்லை. அவன் கையில் இருந்ததைப் பற்றி மட்டும் மணிக்கணக்காகக் கதைப்பார்.

தேத்தண்ணி நேரத்தில் யாராவது வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வோம். ஒருநாள் நான், "எல்லாம் துவக்குத்தானே அண்ணை, என்ன வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டேன். கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டார்.

"ஒரு இழுப்புக்கு ஒரு வெடி. அடுத்த ரவையைத் தானே ஏத்தி வைக்கும். அது பொது. எப்பிடி ஏத்துது எண்டதிலைதான் விசயம் இருக்கு. எங்கடை பியோன் கந்தையரைப் பாரும். ஃபைலைக் கொண்டந்து ஒரு தள்ளுத் தள்ளிப்போட்டுத் தன்ரை கதிரைக்குத் திரும்பிப் போயிடுவார். மிச்சத்தூரம் ஃபைல் தன்பாட்டிலை போகும். அதுதான் எஸ்.எல்.ஆர். வெடிச்ச காத்து ஒரு தண்டைத் தட்டும், தண்டு பூட்டுக்கட்டையைத் தட்டிப்போட்டுத் திரும்பிடும்."

"சரி."

"ஏ.கே.யிலை அப்பிடி இல்லை. அங்கை பியோன் ஃபைலோடை பெரியவற்றை அறை மட்டும் போய், ஃபைலோடையே திரும்பி வருவார். தண்டும் கட்டையும் ஒண்டாப் பொருத்தின மாதிரி. ஆட்டம் கூட, ஆனா மண் விழுந்தாலும் வேலை செய்யும்."

"பியோனே இல்லாத கந்தோர் இருக்கோ?"

அவர் முகம் மலர்ந்தது. "இருக்கு. ஒரு சாதியிலை காத்துத் தண்டே இல்லை. வெடி நேராப் பின்னாலை உதைக்கும். உடனை திறந்தா ஆபத்தெண்டு ரெண்டு உருளை குறுக்கை நிண்டு மறிக்கும். சூடு தணிஞ்ச பிறகுதான் வழி விடும்." குரலைத் தாழ்த்தி, "எங்கடை சீஃப் கிளாக் அந்த உருளை," என்றார்.

பிரதம லிகிதர் அன்றைக்கு முழுக்க அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

எங்களுக்கெல்லாம் தலைவேதனை என்னவென்றால், மனிதர் ஒரு கோட்டைக்கூட விட்டுக்கொடுக்கமாட்டார். பெரிய எஞ்சினியர் ஒருவர் வந்து மதகுப் படத்தில் ஒரு அளவு பிழை என்றாராம். இவர் அவரை வெயிலில் கொடிகாமம் வரை நடத்திக் கொண்டுபோய், மதகை அளந்து காட்டி, "இப்ப சொல்லுங்கோ ஐயா, ஆர் பிழை?" என்று கேட்டிருக்கிறார். அந்த வருஷம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

கடலுக்கு அக்கரையிலிருந்து இந்திய ஆமி வந்து மூலைக்கு மூலை சென்றி போட்டிருந்த காலம். என் மனுசிக்குத் தலைப்பிள்ளை, மாதம் நிறைந்துவிட்டது. இரத்த அழுத்தம் கூட, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லீவு தருவதற்கு யாழ்ப்பாணத் தலைமைக் கந்தோர்தான் கையெழுத்து வைக்க வேண்டும். காகிதத்துக்குப் பஞ்சம். பழைய படத்தாள்களை வெட்டித்தான் கந்தோரில் கடிதம் எழுதுவோம். நான் அவசரத்தில் ஒரு தாளை இழுத்து, விண்ணப்பத்தை எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மறுபக்கம் பார்க்கவில்லை.

"நானும் வாறன்," என்று குறுக்குவெட்டர் சைக்கிளை எடுத்தார். எனக்குத் துணையாக அல்ல. வழியில் ஐந்து சென்றி இருந்தது.

நாலைக் கடந்துவிட்டோம். ஐந்தாவது அரியாலையில். ஒரு சிப்பாய் என் சட்டைப்பையைத் தட்டிக் கடிதத்தை எடுத்து விரித்தான். முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் திருப்பினான். அப்படியே நின்றுவிட்டான். நானும் எட்டிப் பார்த்தேன். மூன்று துவக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, நடுவால் வெட்டி, சிவப்பு மையில் அம்புக்குறி போட்டு, ஒவ்வொரு உறுப்புக்கும் அழகான எழுத்தில் பெயரெழுதிக் கிடந்தன.

பெரிய மீசை வைத்த ஒஃபிசர் வந்தார். தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவனும் வந்தான். "இது யாருய்யா வரைஞ்சது? சார் கேக்குறாரு."

ரோட்டோரத்தில் எங்களுக்கு முந்தி மறிக்கப்பட்ட மூன்று பேர் முழங்காலில் இருந்தார்கள். அப்படி இருத்தப்பட்டவர்கள் எத்தனை நாள் கழித்து வீட்டுக்கு வருவார்கள், வருவார்களா என்று எவருக்கும் தெரியாது. என் மனுசியின் வீங்கிய கால்கள்தான் கண்ணுக்குள் நின்றன.

"நான்தான்," என்று குறுக்குவெட்டர் முன்னால் வந்தார். "தம்பிக்கு ஒண்டும் தெரியாது. நான் கந்தோரிலை படம் கீறுறனான். கண்டதைக் கீறுவன்."

ஒஃபிசர் அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து முதலில் இருந்த எஸ்.எல்.ஆரின் நடுவில் தட்டி ஏதோ சொன்னார். சிப்பாய் மொழிபெயர்த்தான்.

"பூட்டும்போது இந்தக் கட்டையோட பின்பக்கம் கீழ இறங்குற மாதிரி போட்டிருக்கியாம். அது மேலதான் ஏறணுமாம். நீ தப்பா வரைஞ்சிருக்கேன்னு சார் சொல்றாரு. என்ன சொல்ற?"

ஒஃபிசரின் கண் படத்தில் இல்லை. குறுக்குவெட்டரின் முகத்தில் இருந்தது. எனக்குக்கூட விளங்கியது. ஆயுதம் தெரிந்தவனென்றால் வாய் திறப்பான்.

குறுக்குவெட்டரின் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு இரண்டு முறை பிரிந்து மூடியது. முடிந்தது கதை, இந்த மனுசன் இப்போது ஒஃபிசரின் துவக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லப்போகிறார் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஐயா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்ற குரல் கேட்டது. "எனக்கு உதுகள் விளங்காது. பிழையாக் கீறிப்போட்டன்."

ஒஃபிசர் படத்தின் மேல் மூலைக்கு மூலை ஒரு பெரிய கோடு இழுத்தார். தாளை என்னிடம் நீட்டி, போ என்று கையைக் காட்டினார்.

ஒரு மைல் தூரம் போன பிறகு அவர் சைக்கிளை நிறுத்தி, வேலியோரம் குந்திவிட்டார். பயந்துவிட்டார் என்று நினைத்து, "இனிப் பிரச்சினை இல்லை அண்ணை," என்றேன்.

"கீழைதான் இறங்கும் தம்பி," என்றார். கண் கலங்கியிருந்தது. "மேலை ஏறினா அது பூட்டாது. நான் கீறினது சரி."

"தெரியும் அண்ணை."

"உமக்கு என்னெண்டு தெரியும்? உமக்கு ஒண்டும் தெரியாது," என்று சினந்தார். "கெதியா ஏறும். கையெழுத்தை வாங்கிக்கொண்டு பொழுதுபடமுன்னம் பிள்ளைத்தாச்சியிட்டைப் போய்ச் சேரும்."

நாலாம் நாள் விடியற்காலை மகள் பிறந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். துவக்கைப் பற்றி எனக்கு இன்றைக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் கட்டை கீழேதான் இறங்கும். இல்லையென்று எவன் வந்து சொன்னாலும் நான் சண்டைக்குப் போவேன்.